அவள் பணத்தை அவளுக்கு அனுப்பியது

என் மனைவி இங்கிலாந்தில் இருந்தபோது, அவளுடைய சொந்தப் பணத்தை அவளுக்கு அனுப்ப முடியாது என்று நான் பொய் சொன்னேன். ரிசர்வ் வங்கியின் அனுமதி வர வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றேன். அப்படி எந்த அனுமதியும் தேவைப்படவில்லை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த வங்கிக் கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்த வாரத்துக்குள் பணம் போயிருக்கும்.

தெரியாமல் சொன்னதல்ல. நான் கல்லூரியில் வணிகவியல் கற்பித்தவன். அந்நியச் செலாவணி என் பாடங்களில் ஒன்று. தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது உண்மையிலேயே பெரும்பாடாக இருந்தது. பிறகு அந்தப் பழைய சட்டம் போய், படிப்புச் செலவுக்கும் நெருங்கிய உறவினரின் பராமரிப்புக்கும் வங்கியே நேரடியாக அனுப்பலாம் என்று புதுச் சட்டம் வந்தது. கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டு, பழைய விதிகளை இடது பக்கமும் புதிய விதிகளை வலது பக்கமும் எழுதி நானே அதை மாணவர்களுக்கு நடத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து, தொலைபேசியில் மனைவியிடம் இடது பக்கத்தை மட்டும் சொன்னேன்.

அவள் நர்ஸ். பெங்களூரில் ஒரே மருத்துவமனையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருஷங்களில், இங்கிலாந்துக்கு நர்ஸ்களை அழைத்துப்போகும் ஏஜென்ட்டுகள் நகரத்தில் தெருவுக்கொருவர் இருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் முடித்து ஓசூருக்கு அனுப்பியிருந்தோம். ஒருநாள் எனக்குச் சாதம் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

"நானும் அந்த இங்கிலீஷ் பரீட்ச எழுதினேங்க. பாஸாயிட்டேன்."

"எதுக்கு?" என்றேன்.

"எதுக்குன்னா? போறதுக்குத்தான்."

இந்த வயதில் எதற்கு, குளிர் ஒத்துக்கொள்ளாது, ஏஜென்ட்டுகள் எல்லாரும் திருடர்கள் என்று எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் சொன்னேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் அவளுடைய கணவன் என்றே என்னை எல்லாரும் அடையாளம் சொல்வார்கள். போனவள் திரும்பாமலும் இருந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நான் பயந்தேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரசம் ஊற்றட்டுமா என்றாள். இரண்டு மாதத்தில் விமானம் ஏறினாள். வேலையை விட்டபோது கிடைத்த சேமநிதிப் பணத்தை எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கணக்கில் போட்டுவிட்டுப் போனாள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கணக்கு அது.

ஏஜென்ட்டைப் பற்றி மட்டும் நான் சொன்னது பலித்தது. அந்த நாட்டில் பதிவு பெற்ற நர்ஸாக ஆவதற்கு முதலில் சில மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். அதை ஒரு முதியோர் இல்லத்தில் இலவசமாகவே தருவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். போன பிறகு, அந்த இல்லத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் துடைக்கவும் அவளை வைத்துக்கொண்டு, பயிற்சி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இருபது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் மூத்திரச் சட்டி கழுவினாள். அதற்காக அழவில்லை. ஓய்வு நாட்களில் அலைந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு அதே பயிற்சியைத் தரும் ஒரு கல்லூரியைத் தானே கண்டுபிடித்தாள். ஒரு இடம் இருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெலிபோன் கார்டு போட்டு அவள் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டு, தன் சேமநிதிப் பணத்தை அனுப்பச் சொன்னாள். நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

"அப்படியாங்க? இங்க ஒருத்தி வீட்ல அனுப்பினாங்கன்னு சொன்னாளே."

"அது வேற ஸ்கீமா இருக்கும். எல்லாத்துக்கும் ரூல்ஸ் இருக்கு."

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

மறுநாள் காலை வங்கிக்குப் போய், அந்தப் பணத்தை ஒரு வருஷ வைப்புத்தொகையில் பூட்டினேன். நாளைக்கு என் மனம் மாறினாலும் கை போகக்கூடாது என்று செய்துகொண்ட ஏற்பாடு. அவள் தோற்க வேண்டும், தோற்றுத் திரும்பி வர வேண்டும் என்று நான் விரும்பினேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

மாதம் முடிந்தது. இடம் போயிற்று. அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள். அவள் குரல் உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"போனா போகுதுங்க. நீங்க ஏன் டல்லா பேசுறீங்க? என்னால உங்களுக்குத்தான் அலைச்சல். ரிசர்வ் பேங்குக்கு எத்தன நட நடந்தீங்களோ. முட்டி வலிக்குதா? அலமாரி மேல்தட்டுல தைலம் இருக்கு பாருங்க, பச்ச மூடி. ராத்திரி சூடா தேச்சுட்டுப் படுங்க."

திட்டியிருந்தால் என் பொய் தாங்கியிருக்கும். அந்தப் பச்சை மூடித் தைலத்தை அது தாங்கவில்லை.

"நான் ரிசர்வ் பேங்குக்குப் போகவே இல்ல" என்றேன். "போக வேண்டிய அவசியமும் இல்ல. அனுப்பியிருக்கலாம். நீ திரும்பி வந்துடணும்னுதான் அனுப்பல."

லைன் அறுந்தது. அவள் வைத்தாளா, கார்டில் பணம் தீர்ந்ததா என்று அப்போது தெரியவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் சர்ச் ஆராதனைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்து போன் பக்கத்தில் உட்காருவேன். மகள் ஓசூரிலிருந்து கூப்பிட்டு, "அம்மா என்கிட்ட பேசினாங்களே, உங்ககிட்ட பேசலியா?" என்று கேட்டபோது, அது கார்டு தீர்ந்த விஷயமல்ல என்று தெரிந்தது.

ஒரு மாதம் போலக் கழித்துக் கூப்பிட்டாள். வழக்கமாக 'என்னங்க' என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று, "ஹலோ, நான்தான்" என்றாள்.

நான் மன்னிப்பு என்று தொடங்கினேன். அழுதுவிட்டேன்.

"அழுறதக் கேக்குறதுக்கு நான் கார்டு வாங்கல. மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்தக் காலேஜ்ல அடுத்த பேட்ச் இருக்கு. ஃபீஸ் முழுசா மொதல்லயே கட்டணும். ஒரு பவுண்டு கொறஞ்சாலும் பேர் எழுத மாட்டாங்க. அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"

"நாளைக்கே அனுப்பறேன்."

"நாளைக்குன்னு சொல்லாதீங்க. அனுப்பிட்டுச் சொல்லுங்க."

மறுநாள் வைப்புத்தொகையை உடைத்தேன். பாதியில் உடைத்ததற்கு வங்கி பிடித்துக்கொண்டதை என் சம்பளத்திலிருந்து போட்டு நிரப்பினேன். கல்லூரிக் கட்டணத்தின் அளவு பவுண்டில் எழுதிக் கொடுத்தேன். அதிகாரி கையெழுத்து சரிபார்த்தார், இரண்டு இடத்தில் முத்திரை குத்தினார், அவ்வளவுதான். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நான் மலைபோலக் காட்டிய காரியம் அது. வெளியே வந்து, வங்கிப் படியில் கொஞ்சநேரம் நின்றேன். வெட்கம் உடம்பில் சூடாக ஏறும் என்பது அன்றுதான் தெரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வகுப்பில் நடத்துகிறவன் செய்யும் தவறு ஒன்றை அங்கே செய்திருந்தேன். இங்கிருந்து போகும் பணம் நேராக அங்கே போய் இறங்குவதில்லை. நடுவில் வெளிநாட்டு வங்கி ஒன்றின் வழியாகப் போகிறது. அந்த வங்கியும் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். அந்தக் கூலியை அனுப்புகிறவர் தருவாரா, பெறுகிறவர் தருவாரா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். வருஷா வருஷம் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு நான் கேட்ட கேள்வி அது. என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டி வந்தபோது, யோசிக்காமல் 'பெறுகிறவர்' என்று குறித்திருந்தேன்.

வார நடுவில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது.

"கொறையுது" என்றாள். மூச்சு வாங்கியது. "இன்னைக்குத்தான் கடசி நாள். முப்பது பவுண்டுக்கு மேல கொறையுது. நடுவுல ஏதோ பேங்க் கடிச்சிருக்கு. அதுவாவது நெஜமான பேங்கா, இல்ல அதுவும் நீங்க கட்டின கதையா?"

"நெஜம்தான். என் தப்பு. நான் அந்தக் கட்டத்துல—"

"வெளக்கம் வேணாம். ஆபீஸ் மூடுறதுக்கு ஒரு மணி நேரம் இருக்கு."

வைத்துவிட்டாள். அவள் இருந்த இடத்தில் அப்போது மதியம். எனக்கு இங்கே செய்ய எதுவும் இல்லை. கூடத்தில் நடந்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்ததெல்லாம் போன் சத்தமாகக் கேட்டது. அவளை நான் முதல்முறை தடுத்தது வேண்டுமென்றே செய்தது. இப்போது உதவப் போய்த் தடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் விளைவு ஒன்றாகிவிட்டால், நான் மனம் மாறியதை அவள் எப்படி நம்புவாள்?

மறுபடி மணி அடித்தது.

"கட்டிட்டேன்!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "கட்டிட்டேங்க! ரசீது கையில இருக்கு. பேர் எழுதிட்டாங்க!"

பஸ் பாஸ் வாங்க வைத்திருந்த காசையும் ரூமில் கூட இருந்த நர்ஸ் தந்த காசையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். பஸ் பாஸ் இல்லாத அந்த மாதம் முழுக்கக் குளிரில் கல்லூரிக்கு நடந்து போனாள் என்பதை, வெகு நாள் கழித்து மகள் சொல்லித்தான் அறிந்தேன். அன்று எனக்குக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். தன்னை மறந்த சந்தோஷத்தில் அவள் 'கட்டிட்டேங்க' என்று சொல்லியிருந்தாள்.

படிக்கும் காலத்தில் அவள் கொஞ்ச மணி நேரம்தான் வேலை செய்யலாம். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நான் மாதா மாதம் அனுப்ப வேண்டும். அனுப்பினேன், இந்த முறை கட்டத்தைச் சரியாகக் குறித்து. அப்போதுதான் இன்னொரு உண்மை தெரிந்தது. சின்னத் தொகை அனுப்பினாலும் பெரிய தொகை அனுப்பினாலும் வங்கிக் கமிஷனும் வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் கட்டணமும் நடு வங்கியின் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆட்டோவில் ஒருத்தர் ஏறினாலும் மூன்று பேர் ஏறினாலும் அதே மீட்டர் என்பது போல. வாடகைப் பணத்தை மட்டும் மாதா மாதம் அனுப்பிக்கொண்டிருந்த நான், ஒவ்வொரு மாதமும் தனி ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு வழிகளையும் விசாரித்தேன். பவுண்டு டிராஃப்ட் மலிவு. ஆனால் தபாலில் போய், அங்கே வசூலாகிக் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வாடகை காத்திருக்காது. இங்கே ரூபாய் கொடுத்தால் அங்கே ஆள் வந்து பவுண்டு கொடுப்பான் என்று ஒரு கடைக்காரர் காதைக் கடித்தார். கமிஷனே இல்லையாம். அது ஹவாலா. பொய் சொல்லச் சட்டத்தைப் பயன்படுத்தியவன் நான். உதவி செய்யவும் சட்டத்தை மீற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு, தமிழ் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒருவர் என்னை நிறுத்தினார். என் மனைவியோடு அறையில் தங்கியிருந்தவள் அவருடைய மனைவி.

"சார், நீங்கதானே அக்காவோட வீட்டுக்காரரு? அக்கா சொன்னாங்களாம், பணம் அனுப்புறதுல எதுனா பேஜாருன்னா எங்க வீட்டுக்காரரைப் போய்க் கேளுங்க, அவருக்கு எல்லா ரூல்ஸும் தெரியும்னு."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் எந்தக் குத்தலும் இல்லை. என் பொய்யை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைக் கேலியாகச் சொல்லி அனுப்பினாளா, நம்பிச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் சொன்ன வேலையைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

அதே கல்லூரியிலும் பக்கத்து ஊரிலும் பயிற்சியில் இருந்தவர்களின் கணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்தோம். பாதிப் பேர் எங்கள் பகுதி. ஈஜிபுராவிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நானே காபி போட்டேன்.

"சார், இந்தக் காபிய எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் வேன்காரர்.

"ஏன்?"

"இல்ல, அங்கயே விட்டுட்டு வந்திருக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆட்டோ மீட்டர் கணக்கைச் சொன்னேன். பிறகு, வெட்கத்தை விட்டு, ஒரு சீட்டு போடலாம் என்றேன். என் மனைவி மருத்துவமனையில் ஆயாக்களோடு சேர்ந்து சீட்டு கட்டிய வருஷங்களிலெல்லாம், படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேலி செய்தவன் நான். மாதா மாதம் எட்டுப் பேரும் ஒரே தொகை போட வேண்டும். சேர்ந்த பணத்தை ஒருவர் எடுத்து, தன் கணக்கில் போட்டு, தன் மனைவிக்கு ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் அடுத்தவர். எட்டு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒருமுறைதான் ஆட்டோ. வழக்கமான சீட்டில், முன்னால் எடுக்க விரும்புகிறவர் தொகையில் ஒரு பங்கைத் தள்ளிக் கேட்பார். இதில் தள்ளுவதே இல்லை. யாருடைய மனைவிக்கு முதலில் தேவையோ அவருக்கு முதல் முறை.

"மொதல்ல எடுத்தவன் அடுத்த மாசம் கட்டாம ஓடிட்டா?" என்றார் தையல்காரர்.

"எங்க ஓடுவான் அண்ணா?" என்றார் வேன்காரர். "பொண்டாட்டிங்க எட்டுப் பேரும் அங்க ஒண்ணா இருக்காங்க. அவங்க புடிச்சுக்குவாங்க."

முறையை யார் முடிவு செய்வது என்று பேச்சு வந்தது. நான் கடைசி முறையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஞாயிறு அன்று அதைப் பெருமையாக மனைவியிடமும் சொன்னேன்.

"உங்களுக்கு என்ன இப்ப தியாகம் வேண்டிக் கெடக்கு?" என்றாள். "வாடகை குடுக்குறது நீங்களா நானா? முறையை நாங்க இங்க பேசி வச்சுட்டோம். எனக்கு மூணாவது. எழுதிக்குங்க, வரிசையா சொல்றேன்."

எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு எதையும் நாங்கள் முடிவு செய்யவில்லை. அங்கிருந்து உத்தரவு வரும், இங்கே நிறைவேற்றுவோம்.

முதல் மாதம் எட்டுப் பேரும் சேர்ந்தே வங்கிக்குப் போனோம். மேலாளர் ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். கும்பலைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஏனு சார், ஸ்ட்ரைக்கா?" என்றார்.

நான் கன்னடத்தில் பேசினேன். மாணவர்களுக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் நின்ற அனுபவத்தையெல்லாம் அன்று அந்த மேஜைக்கு முன்னால் செலவழித்தேன். மாதா மாதம் எங்களில் ஒருவர் பெரிய தொகையோடு வருவோம். பெரிய தொகைக்குப் பலகையில் எழுதிய பவுண்டு விலை வேண்டாம், தலைமை அலுவலகத்தைக் கேட்டு நல்ல விலை வாங்கித் தர வேண்டும். கமிஷனில் பாதி குறைக்க வேண்டும். சொன்ன பவுண்டு குறையாமல் போய்ச் சேர வேண்டும்.

"எனக்கு இதுல என்ன லாபம் சார்?" என்று சிரித்தார்.

"இன்னும் சில மாசத்துல எங்க மனைவிமார் எட்டுப் பேரும் அங்க சம்பளம் வாங்குற நர்ஸ். அப்ப பணம் இந்தப் பக்கமா வரும். வெளிநாட்டு டெபாசிட். அது எந்தக் கிளைக்கு வரணும்னு இந்த எட்டுப் பேரும் இன்னைக்கே முடிவு பண்ணிடுவோம்."

மேலாளரின் பேனா நின்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வேன்காரர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். மேலாளர் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்தோடு பத்து நிமிஷம் வாதாடினார். நாங்கள் கேட்டது முழுதும் கிடைத்தது. வெளியே வந்ததும் தையல்காரர் என் தோளில் ஒரு அடி அடித்தார். "சார், நீங்க காலேஜ்ல வேஸ்ட் ஆயிட்டீங்க." கமர்ஷியல் தெரு பக்கம் போய் எல்லாருமாகப் பிரியாணி சாப்பிட்டோம். அந்த மாதம் வேன்காரரின் மனைவிக்குப் போன பணம் ஒரு பென்னி குறையாமல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கே போன் போட்டு, "முழுசா வந்துச்சு அண்ணா" என்று சொன்னபோது, எனக்கு ஏதோ பட்டம் கிடைத்தது போல் இருந்தது.

ஒரு மாதம்கூடச் சீட்டு தவறவில்லை. ஒருவருக்கு வேலை போனபோது மற்ற ஏழு பேர் அவர் பங்கைப் போட்டோம். எங்கள் முறை வந்தபோது, என் மனைவிக்குப் படிப்பு முடியும்வரை தேவையான வாடகை முழுதும் ஒரே தடவையில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பேச்சு மெல்ல நீண்டது. முதலில் பணம் மட்டும் பேசினாள். பிறகு வார்டு, அங்கத்து மழை, கடையில் கிடைத்த முருங்கைக்காய். நான் மன்னிப்பு என்ற சொல்லை மறுபடி எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அவள் பதிவு எண் வந்த சேதியை நடுப்பகலில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தப்பில்லாமல் சொன்னேனா என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதற்குள் இருவருமே சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷத்துக்குள் எட்டுப் பெண்களும் பதிவு பெற்றார்கள். எட்டாவது பெண்ணின் சேதி வந்த அன்று, வேன்காரர் லிங்கராஜபுரத்துத் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார்.

சம்பளம் வரத் தொடங்கியதும் நான் அதே மேலாளரிடம் போய், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கைத் தொடங்கும் தாள்களை வாங்கி அவள் கையெழுத்துக்கு அனுப்பினேன். "ஜாயின்ட்டா போட்டுக்கலாமே சார், சௌகரியம்" என்றார் மேலாளர். வேண்டாம் என்றேன். அவள் பெயர் மட்டும். பழைய கூட்டுக் கணக்கில் மீதி இருந்ததையும் அவள் பெயருக்கே மாற்றி, அந்தக் கணக்கை மூடினேன். அவளிடம் சொன்னபோது, "ம்" என்றாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கோடையில் அவள் டிக்கெட் அனுப்பினாள். போனேன். அவள் வேலை செய்த மருத்துவமனைக்கு என்னை அழைத்துப் போனாள். கருநீலச் சீருடையில் இருந்தாள். அந்த வார்டுக்கே அவள்தான் பொறுப்பு என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. கேன்டீனில் அவளோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்கள் மேஜைக்கு வந்தாள். "இவர்தான் என் கணவர். என் படிப்புக்குப் பணம் அனுப்பியவர்" என்று என் மனைவி ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தாள்.

"முதலில் அனுப்பாமல் வைத்துக்கொண்டவனும் நான்தான்" என்றேன். திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது. "அனுப்ப முடியாது என்று இவளிடம் பொய் சொன்னேன். இவளுக்குச் சில மாதங்கள் வீணாயின."

அந்த அம்மாள் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த விஷயத்துக்காக அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அம்மாள் போன பிறகு, "அவகிட்ட எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள்.

"நீ இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லாம என் மானத்தக் காப்பாத்தினே. அதுக்காகத்தான்."

"உங்க மானத்துக்காகன்னு யார் சொன்னா? என் வீட்டுக்காரர் இப்படிப்பட்டவர்னு சொல்ல எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு." காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "இப்ப வெக்கமா இல்ல. அதான் சிரிப்பு வந்துச்சு."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "டியூட்டிக்கு நேரமாச்சுங்க. இங்கயே உக்காந்திருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நீண்ட நடைவழியில் வேகமாக நடந்தாள். எதிரே வந்த இளம் டாக்டர் ஒருவன் ஒதுங்கி நின்று வழிவிட்டு, அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டே அவள் பின்னாலேயே போனான்.